‘அரிய பதிவு’ என்றால் எது அரிது? கிரேட்ஃபுல் டெட் ஒலிநாடாக்களை முன்வைத்து ஒரு விளக்கம்

2025 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழு தன் பழைய ஆல்பம் ஒன்றின் 50ஆம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டது. 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் அந்தக் குழு நடத்திய கச்சேரியின் ஒலிப்பதிவும் அதில் சேர்ந்திருந்தது. அதைப் பதிவு செய்தவர் குழுவின் ஆள் கிடையாது. மைக் மில்லர்ட் என்ற ரசிகர், யாரிடமும் அனுமதி கேட்காமல், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து எடுத்தது. ரெக்கார்டரைச் சக்கர நாற்காலியில் ஒளித்து அரங்குக்குள் கொண்டுபோகிறவர் என்று பெயர் பெற்றவர் அவர். 1994இல் இறந்துவிட்டார். இத்தனை காலமும் திருட்டுப் பதிவு என்ற பெயரோடு சுற்றிவந்த அந்த நாடாவை இப்போது இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் சுத்தம் செய்துகொடுக்க, குழுவின் பெயரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘அரிய நேரடிப் பதிவு’ என்ற சொல் அடிபடும். கூடவே குழப்பமும் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடக்கிற கச்சேரியை எப்படி அரிது என்கிறார்கள்? ஒரே இரவின் இரண்டு பதிவுகள் ஏன் இரண்டு விதமாக ஒலிக்கின்றன? ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தது ஏன் இப்போது வெளியே வருகிறது? சட்டப்படி அது யாருடையது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் விடை தேட வேண்டுமென்றால் கிரேட்ஃபுல் டெட் (சுருக்கமாக டெட்) என்ற ராக் குழுவைப் பார்ப்பதுதான் நல்லது. 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995 ஆகஸ்ட் 9 அன்று அதன் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை, ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த குழு அது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பதிவுகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ‘அரிது’ என்ற சொல் கச்சேரியைவிட நாடாவுக்குத்தான் பொருந்தும். எங்கே நின்று பிடித்தது, யார் கையில் இருந்தது, எத்தனையாவது பிரதி என்ற மூன்றும்தான் ஒரு பதிவின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

பதிவு எங்கிருந்து எடுக்கப்பட்டது?

ஒரு ராக் கச்சேரியை நான்கு இடங்களில் நின்று பிடிக்கலாம்.

1. அரங்கப் பதிவு. ரசிகர் தன் மைக்கை உயரத் தூக்கிவைத்துப் பதிவு செய்வது. ஸ்பீக்கர்களின் ஒலி, அரங்கின் எதிரொலி, பக்கத்து ஆளின் பேச்சு, கைதட்டல் எல்லாம் அதில் விழும்.

2. சவுண்ட்போர்டு பதிவு. மேடையின் ஒலிகளையெல்லாம் கலக்கும் கருவியான மிக்சரிலிருந்து ஒரு கம்பி எடுத்து நேராக ரெக்கார்டரில் செருகுவது. காற்றின் வழியாக வராத ஒலி என்பதால் சுத்தமாக இருக்கும்.

3. பலதடப் பதிவு. ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் நாடாவில் தனித் தடம். பிறகு ஸ்டுடியோவில் வைத்து எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று புதிதாகக் கலக்கலாம். செலவு அதிகம். டெட் தன் 1972 ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முழுவதையும் 16 தடங்களில் பதிவு செய்தது. அந்த 22 கச்சேரிகளும் 2011இல் 73 குறுந்தகடுகளாக வந்தன.

4. வானொலிப் பதிவு. எஃப்.எம்.மில் நேரலையாகப் போனதை வீட்டில் பிடித்தது.

சவுண்ட்போர்டு என்றால் உசத்தி, அரங்கப் பதிவு என்றால் மட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. மிக்சரின் வேலை, மேடையில் போதாத ஒலியைப் பெரிதாக்கி அரங்குக்கு அனுப்புவது. சின்ன அரங்கில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸும் தாமாகவே காதைப் பிளக்கும். அவற்றை மிக்சர் வழியாகக் கூட்ட வேண்டிய தேவை குறைவு. குரலுக்குத்தான் உதவி வேண்டும். ஆகவே சின்ன அரங்கின் சவுண்ட்போர்டு நாடாவில் குரல் முன்னால் வந்து நிற்கும், கிட்டார் எங்கோ தள்ளி ஒலிக்கும். அன்று அங்கே இருந்தவர் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார். பெரிய மைதானத்தில் எல்லாமே மிக்சர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால் நாடாவும் சமநிலையாக இருக்கும். ஒரு நல்ல ரசிகர், நல்ல மைக், நல்ல இடம் மூன்றும் கூடினால், அரங்கப் பதிவு அந்த இரவை உள்ளபடியே தந்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலக்கும் வழக்கமும் உண்டு. அதை ‘மேட்ரிக்ஸ்’ என்பார்கள்.

டெட்டின் 1974 பதிவுகளைக் கேட்பவர்கள் ‘குரல் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது, நாடா கெட்டுவிட்டதா?’ என்று கேட்பதுண்டு. நாடாமேல் தப்பில்லை. அந்த வருடம் குழு ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஒலிச்சுவரைக் கொண்டுபோனது. ஏறக்குறைய 75 டன் கருவிகள். ஸ்பீக்கர்கள் எல்லாம் இசைக்கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. அப்படி வைத்தால் ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளைக் கட்டி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிச் சேர்த்தார்கள். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் பாடுவார். இரண்டிலும் பொதுவாக விழும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அபாரமான யோசனைதான். ஆனால் குரலின் கனத்திலும் கொஞ்சம் அதோடு போய்விட்டது.

இந்தக் குழுவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதிவுகள்?

டெட் ஒரு பாட்டை இன்று வாசித்ததுபோல் நாளை வாசிக்காது. பாடல்களின் வரிசை இரவுக்கு இரவு மாறும், ஒரு பாட்டு இருபது நிமிடம் நீண்டு இன்னொன்றுக்குள் போய் முடியும். ஆகவே ஒரு இரவைத் தவறவிட்டால் அது திரும்பி வராது. பதிவு செய்யும் ஆசை அங்கேதான் பிறந்தது.

முதலில் அது குழுவுக்குள்ளேயே தொடங்கியது. ஒலிப் பொறியாளர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி தன் கலவை சரியாக இருந்ததா என்று பிற்பாடு கேட்டுப் பார்ப்பதற்காகவே இரவுதோறும் நாடா ஓடவிட்டார். தன் வேலையின் நாட்குறிப்பு மாதிரி. இன்று நாம் அனுபவிக்கும் பல பதிவுகள் இப்படி ஒரு வேலைக் குறிப்பாக உருவானவை.

ரசிகர்களும் ரெக்கார்டர்களோடு வந்தார்கள். 1971இல் நியூயார்க்கில் லெஸ் கிப்பல் என்பவர் நாடாக்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து 1974இல் ஒரு பத்திரிகையே முளைத்தது. மற்றக் குழுக்களின் மேலாளர்கள் ரெக்கார்டரைக் கண்டால் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. டெட் கண்டும் காணாமல் விட்டது. வாசித்து முடித்தபின் அது எங்களுக்கு எதற்கு, வேண்டியவர் வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் கார்சியாவின் நிலை.

1980களில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மைக் தாங்கிகள் காடுபோல் எழுந்து, மிக்சரில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடையே தெரியாமல் போனது. தடை போடுவதற்குப் பதில், 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லியில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து, மிக்சருக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அதற்குத் தனி டிக்கெட். நிபந்தனை ஒன்றுதான்: மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

ரசிகர்கள் அதைத் தங்கள் தர்மமாகவே எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒன்றுமில்லாத புது ஆள் வெற்றுக் கேசட்டுகளையும் திரும்ப அனுப்பத் தபால் செலவையும் அனுப்பினால் போதும், தெரியாத ஊரில் தெரியாத ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து நகலெடுத்து அனுப்புவார். காசு வாங்காமல் இவ்வளவு பெரிய இசைச் சேமிப்பு ஒன்றை ரசிகர்களே கட்டியெழுப்பியது, ராக் இசையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிரதி எடுக்க எடுக்க என்ன ஆகும்?

மூல நாடாவை மாஸ்டர் என்கிறோம். அதிலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. கேசட் காலத்தில் ஒரு பதிவு பத்துப் பேர் கைமாறி வருவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும்.

1. இரைச்சல். நாடாவுக்கென்று ஒரு ‘உஸ்ஸ்’ உண்டு. பிரதி எடுக்கும்போது பழைய நாடாவின் உஸ்ஸோடு புதிய நாடாவின் உஸ்ஸும் சேரும்.

2. சுருதி. எந்த இரண்டு ரெக்கார்டரும் ஒரே வேகத்தில் ஓடாது. வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். அந்தப் பிழையோடு நகலெடுத்தால், பிறகு வருகிற எல்லாப் பிரதிகளிலும் அது நிலைத்துவிடும்.

3. டால்பி குழப்பம். டால்பி இரைச்சல் குறைப்போடு பதிவு செய்ததை அது இல்லாமல் ஓட்டினால் கீச்சென்று ஒலிக்கும். மாற்றிச் செய்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மங்கும்.

4. வெட்டு. வினாடிக்கு 7.5 அங்குலம் ஓடும் 1,200 அடி ஸ்பூல் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அரைமணி நேரம் நீளும் பாட்டின் நடுவே நாடா தீர்ந்தால் அந்த நிமிடங்கள் போனதுதான். பிற்பாடு வேறொருவரின் அரங்கப் பதிவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டுவார்கள். நல்ல சவுண்ட்போர்டு பதிவில் திடீரென்று அரை நிமிடம் கூட்டத்தின் சத்தம் கேட்டால் காரணம் இதுதான்.

டிஜிட்டல் டேப் (டாட்) வந்தபின் தலைமுறைச் சேதம் நின்றது. இன்றைய சேகரிப்பாளர்கள் ஃபிளாக் போன்ற இழப்பில்லாத வடிவங்களில்தான் பரிமாறிக்கொள்கிறார்கள். எம்பி3 கோப்பின் அளவைக் குறைக்க ஒலியில் ஒரு பகுதியை எறிந்துவிடும், எறிந்தது திரும்பாது. அதனால் கறாரான பரிமாற்ற வட்டங்களில் அதற்கு இடமில்லை.

கார்னெல், 1977 மே 8

மேலே சொன்ன எல்லாமே ஒரே நாடாவில் கூடிவருகிற இடம் இது.

நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. மே மாதத்தில் பனி கொட்டிய இரவு. டெட் ரசிகர்களில் பலர் குழுவின் மிகச் சிறந்த இரவு என்று இதையே சொல்வார்கள். மறுப்பவர்களும் உண்டு. அதே மாதத்தின் வேறு இரவுகளைச் சொல்வார்கள். ஆனால் இந்த இரவு மட்டும் இவ்வளவு புகழ் பெற்றதற்கு வாசிப்பு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நாடாவுக்கும் அதில் சரிபாதி பங்கு உண்டு.

அதைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ராக் ஒலிப்பதிவில் பெண்களே அரிதாக இருந்த காலத்தில் அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய், கருவிகளின் சமநிலையைக் காதாலேயே அளந்து இரண்டு தடத்தில் பிடித்தவர். அவருடைய பதிவுகளை இன்றும் ‘பெட்டி போர்டுகள்’ என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பிற்பாடு அவர் குழுவைவிட்டு விலகினார். நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தன. வாடகை கட்ட முடியாமல் போனதால் 1986இல் கிடங்கிலிருந்த பொருள்கள் ஏலத்துக்குப் போயின. நூற்றுக்கணக்கான மூல நாடாக்கள் யார் யார் கைக்கோ போய்ச் சேர்ந்தன.

அடுத்து நடந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கியவர்களில் சிலரிடமிருந்து நாடாக்கள் ரசிகர்களுக்குக் கிடைத்தன. பூஞ்சை பிடித்துக் கிடந்தவற்றைக்கூடப் பொறுமையாகச் சரிசெய்து டிஜிட்டலாக்கினார்கள். பத்தாம் தலைமுறை இரைச்சலையே கேட்டுப் பழகியிருந்தவர்களுக்கு, மூல நாடாவிலிருந்து நேராக எடுத்த கார்னெல் கையில் கிடைத்தது. அது காட்டுத்தீயாகப் பரவியதில் வியப்பில்லை.

அதாவது, உலகமெல்லாம் கேட்ட பதிவின் மூல நாடா, அப்போது வாசித்த குழுவிடம் இருக்கவில்லை. 2012இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்தது. அப்போதும் அதற்கு அதிகாரபூர்வ வெளியீடு என்று ஒன்று கிடையாது. ரசிகர்கள் கைமாற்றிக் காப்பாற்றிய ஒன்றைத்தான் நாடு பொக்கிஷமாக அறிவித்தது. மூல நாடா குழுவின் காப்பகத்துக்குத் திரும்பியபின், 40 ஆண்டு நிறைவை ஒட்டி 2017 மே மாதம் ஆல்பம் வந்தது.

அதில் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நாடாவில் பதிவு செய்யும்போது ‘பயஸ்’ என்ற, காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண்ணும் கூடவே செலுத்தப்படும். அதன் தடயம் நாடாவில் தங்கிவிடும். அன்று ரெக்கார்டரின் மோட்டார் துளி நடுங்கியிருந்தாலும் அந்தத் தடயம் கூடவே நடுங்கியிருக்கும். பிளான்ஜென்ட் என்ற முறையில் அந்த நடுக்கத்தை அளந்து, இசையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். மூல நாடா இருந்தால்தான் அந்த இரவின் தடயத்தை இவ்வளவு நம்பகமாகப் படிக்க முடியும். ஆயிரம் பேரிடம் இருக்கும் கச்சேரிக்கு மாஸ்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

1970, 80களின் நாடாக்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. காந்தத் தூளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து இசையும் போய்விடும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணிநேரம் மெல்லச் சூடாக்கி உலர்த்தினால் சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு நாடா தேறும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும்.

சரி, இது யாருடைய சொத்து?

ஒரு நேரடிப் பதிவில் மூன்று உரிமைகள் அடங்கியிருக்கின்றன.

1. பாடலை எழுதி இசையமைத்தவரின் உரிமை.

2. மேடையில் வாசித்தவரின் உரிமை. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதிப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அமெரிக்காவில் அனுமதியற்ற நேரடிப் பதிவுகளுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 1994இல் வந்தது.

3. பதிவின் மீதான உரிமை. நாடா உங்கள் அலமாரியில் இருப்பதால் இந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. கார்னெல் நாடாவை ஏலத்தில் எடுத்தவருக்கும் இதே கதைதான். கையில் பொருள் உண்டு, வெளியிடும் உரிமை இல்லை.

டெட் ரசிகர்களின் பரிமாற்றம் திருட்டாகாமல் இருப்பது குழு கொடுத்த அனுமதியால்தான். அனுமதி கொடுத்தவர் அதைச் சுருக்கவும் முடியும். 2005 நவம்பரில் அது நடந்தது. ஆர்க்கைவ்.ஆர்க் என்ற இலவச இணையக் காப்பகத் தளத்திலிருந்த டெட் பதிவுகளைக் குழுவின் தரப்பு தரவிறக்க முடியாதபடி நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள், புறக்கணிப்பு மனுக்கள் பறந்தன, குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஃபில் லெஷ் இந்த முடிவு தனக்கே தெரியாது என்று எழுதினார். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது: அரங்கப் பதிவுகளைத் தரவிறக்கலாம், சவுண்ட்போர்டு பதிவுகளைத் தளத்திலேயே கேட்க மட்டும் செய்யலாம். ஒரே கச்சேரியின் ஒரு பதிவில் தரவிறக்கப் பொத்தான் இருந்து இன்னொன்றில் இல்லாதது இதனால்தான். ரசிகர் தன் உழைப்பில் எடுத்தது ஒரு வகை, குழுவின் மிக்சரிலிருந்து வந்தது இன்னொரு வகை என்று பிரித்துப் பார்த்தது நியாயமான கோடு என்றே நான் கருதுகிறேன்.

ஏன் ஐம்பதாவது வருடத்தில் வெளிவருகின்றன?

2011இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பதிவான 50 ஆண்டுகளுக்குள் வெளியிட்டிருந்தால்தான் அந்த நீட்டிப்பு. பெட்டியிலேயே வைத்திருந்தால் ஐம்பதாம் வருட முடிவில் பாதுகாப்பு போய்விடும்.

நிறுவனங்கள் உடனே கணக்குப் போட்டன. 2012 இறுதியில் பாப் டிலனின் 1962 பதிவுகள் ஐரோப்பாவில் மட்டும், சுமார் நூறு பிரதிகள் வெளியாயின. காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963 பதிவுகள் 59 வந்தன. 2024இல் டிலனும் தி பேண்ட் குழுவும் 1974இல் செய்த சுற்றுப்பயணம் 27 குறுந்தகடுகளாக வந்தது. இந்தக் கணக்கில் 1976 பதிவுகளுக்கு 2026 கடைசி வருடம், 1977க்கு 2027. ஒரு குழு திடீரென்று தன் பரணைக் கிளறினால், அந்த வருடத்திலிருந்து 50ஐக் கழித்துப் பாருங்கள்.

வழித்தடத்தைப் படிப்பது எப்படி?

நல்ல சேகரிப்பாளர்கள் பதிவோடு ஒரு உரைக் கோப்பும் தருவார்கள். ‘சவுண்ட்போர்டு, மாஸ்டர் ஸ்பூல், டாட், ஃபிளாக்’ என்பதுபோல் நாடா வந்த வழி அதில் இருக்கும்.

1. முதல் சொல் இடத்தைச் சொல்கிறது. அரங்கப் பதிவென்றால் மைக், ரெக்கார்டர், எங்கே உட்கார்ந்தார் என்பதும் இருக்க வேண்டும்.

2. நடுவில் எத்தனை கேசட் பிரதிகள் என்று எண்ணுங்கள். ‘தெரியாத தலைமுறை’ என்றிருந்தால் இரைச்சலுக்குத் தயாராக இருங்கள்.

3. இடையில் எங்காவது எம்பி3 இருந்தால், பிற்பாடு ஃபிளாக்காக மாற்றியிருந்தும் பயனில்லை.

4. ஒட்டுப்போட்ட இடங்களைக் குறித்திருந்தால் அது நேர்மையான ஆளின் வேலை. அப்படிப்பட்டவர் தரும் மற்றப் பதிவுகளையும் நம்பிக் கேட்கலாம்.

டெட்டின் தொடக்க ஆண்டுகளில் பல இரவுகளுக்கு எந்தப் பதிவும் வெளியே தெரியவில்லை. 1965, 66இல் சின்ன இடங்களில் வாசித்தபோது ரெக்கார்டர் கொண்டுபோகிறவர்கள் குறைவு. அந்த இரவுகளில் ஒன்றின் நாடா கிடைத்துவிட்டது என்று என்றைக்காவது யாராவது சொன்னால், பாட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் அந்த உரைக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் படியுங்கள்.